பட்டறையிலிருந்து வந்த பழைய டீசல் கார் படுத்துவிட்டதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டைமிங் பெல்ட் (வால்வுகளையும் பம்பையும் பிஸ்டனோடு ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பட்டை), ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு), அல்லது வெறும் டீசல் ஃபில்டர் என்று ஏதோ ஒரு வேலைக்குப் பட்டறைக்குப் போனது. திரும்பி வந்த இரண்டாம் நாள் எஞ்சின் நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கேட்டால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்பார். உங்களுக்கோ அவர்தான் கெடுத்துவிட்டார் என்று தோன்றும். இரண்டு பேச்சையும் ஓரமாக வைத்துவிட்டு எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒரு எல்லை போட்டுவிடுகிறேன். இங்கே பேசுவது மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களைப் பற்றி. பாஷ் விஇ போன்ற ரோட்டரி பம்ப், இல்லையென்றால் பிளஞ்சர்கள் (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டுகள்) வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் புதிய வகை காமன் ரெயில் எஞ்சினில் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாரை (பார் என்பது அழுத்த அலகு) தாண்டும். கீழே வரும் "குழாய் நட்டைத் தளர்த்திப் பாருங்கள்" என்ற வேலையை அதில் ஒருபோதும் செய்யக் கூடாது. பழைய பம்பிலும் நாசில் (டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் முனை) திறக்கும் அழுத்தம் 100 பாருக்கு மேல்தான். அந்தப் பீச்சலுக்கு எதிரே விரல் வைத்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்திய அளவுதான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

சாவியைத் தொடும் முன்

நின்ற எஞ்சினைத் திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. 5,000 ரூபாய் வேலை 50,000 ஆவது அங்கேதான் என்று சொல்லலாம், ஆனால் பணக் கணக்கை விடுங்கள். பெல்ட் ஒரு பல் தாவியிருந்தால் வால்வு இன்னும் தப்பித்திருக்கலாம். நீங்கள் அடிக்கும் அடுத்த செல்ஃபில் அது வளையும். டீசல் எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதம் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அளவு) 20-க்கு 1 என்ற அளவில் இருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே மிச்சமிருக்கும் இடம் மிகக் குறைவு. டைமிங் தவறினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஒரு தாளில், பட்டறையில் எதெதையெல்லாம் கழற்றினார்கள் என்று எழுதுங்கள். பில்லில் இருப்பதை மட்டும் எழுதிப் பயனில்லை. பெல்ட் மாற்றப் பக்கத்து மவுண்டைக் கழற்றியிருப்பார்கள், கேஸ்கெட் மாற்ற நாசில் குழாய், கூலண்ட் ஓஸ், வேக்யூம் ஓஸ் எல்லாம் கழன்றிருக்கும். கைபட்ட இடம்தான் முதல் சந்தேகம். கைபடாத இடத்துக்கு அப்புறம் போகலாம்.

அடுத்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். கியர் நியூட்ரலில், பேட்டரி கழன்ற நிலையில், எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கின் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று. ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுலபமாகச் சுற்றும். ஏன் இரண்டு சுற்று? கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் பம்பும் ஒரு முறை சுற்றும். எங்காவது இரும்பில் இரும்பு மோதுவது போல நின்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். நீளக் குழாயை மாட்டி வம்படியாகத் திருகுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வளையாமல் இருந்த வால்வும் அந்தத் திருகலில் வளைந்துவிடும்.

செல்ஃப் சுற்றவில்லை, "டக்" என்று நிற்கிறது

முதலில் எளிமையானதைப் பாருங்கள். கியர்பாக்ஸ், கிளட்ச், எஞ்சின் மவுண்ட் வேலை நடந்திருந்தால் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். செல்ஃபுக்குப் போக வேண்டிய கரண்ட் அப்போது ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள் சூடாகிறதா என்று பாருங்கள், சில சமயம் புகையே வரும். ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் கவ்வவிட்டதும் செல்ஃப் சுற்றினால் கதை முடிந்தது.

எர்த் சரி, கையாலும் சுற்ற முடியவில்லை என்றால் சிலிண்டருக்குள் திரவம் நிற்கலாம். ஹெட் கேஸ்கெட் சரியாக உட்காராமல் கூலண்ட் இறங்கியிருக்கும், அல்லது மூடாத நாசில் வழியே டீசல் நிறைந்திருக்கும். திரவம் அமுங்காது. ஹீட்டர் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, முகத்தை விலக்கி, கையால் மெதுவாகச் சுற்றினால் எந்தத் துளையிலிருந்து எது வருகிறது என்று தெரிந்துவிடும். டீசல் தெறிக்கும் இடத்தில் நெருப்பு எதுவும் கூடாது.

திரவம் வெளியேறி எஞ்சின் சுற்ற ஆரம்பித்தாலும் நிம்மதி வேண்டாம். திரவத்தை அமுக்கப் பார்த்த வேகத்தில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். வளைந்த ராடு குட்டையாகும், அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிடச் சற்றுக் கீழேயே நிற்கும், அதன் கம்ப்ரெஷனும் தனியாகக் குறைந்து காட்டும். இப்படி ஒரு எஞ்சினை "ஸ்டார்ட் ஆகுதே" என்று ஓட்டினால், ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும் நாள் ஒன்று வரும்.

செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது

நல்ல டீசல் எஞ்சின் செல்ஃபில் "உர்... உர்..." என்று ஏறி இறங்கிச் சுற்றும். அந்த ஏற்ற இறக்கம்தான் கம்ப்ரெஷன். அது இல்லாமல் ஒரே சீராக "விர்" என்று சுற்றினால் கம்ப்ரெஷனே இல்லை என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருக்கும், பற்கள் உரிந்திருக்கும், அல்லது வால்வுகள் வளைந்திருக்கும். மேல் கவரைக் கழற்றிப் பாருங்கள். கிராங்கைச் சுற்றும்போது கேம் சக்கரம் சுற்றவில்லையென்றால் இதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம், ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

பெல்ட் முழுசாக இருந்து, சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகள் மட்டும் பொருந்தவில்லையென்றால் ஒரு சின்னக் கணக்கு. கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் தவறு என்பது 18 டிகிரி. பம்ப் டைமிங்கில் ஓரிரு டிகிரி மாறினாலே எஞ்சினின் சத்தம் மாறும், 18 டிகிரி எவ்வளவு பெரிய பிழை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங் மெல்ல மெல்ல நழுவும் வகை ஒன்று உண்டு, அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். பெல்ட் வேலையின்போது கிராங்க் சக்கரத்தின் நடு போல்ட்டைக் கழற்றி, பழைய போல்ட்டையே போதுமான முறுக்கு இல்லாமல் போட்டிருப்பார்கள். சக்கரம் இம்மி அளவு ஆட ஆரம்பிக்கும், அதைப் பிடித்திருக்கும் சாவிக்கட்டை தேயும். முதல் வாரம் எல்லாம் சரி, இரண்டாம் வாரம் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமம், பிறகு ஒரு புதுத் தட்டல் சத்தம், ஒருநாள் நடுவழியில் நின்றுவிடும். குறிகளைப் பார்க்கும்போது கிராங்க் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டியும் பாருங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை

அதிகம் வருவது இதுதான், அதிகம் வீணாகச் செலவழிப்பதும் இதில்தான். செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். புகையே இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும்.

புகை இல்லாத பக்கம் முதலில். பம்பின் மேல் ஒற்றை ஒயர் போகும் ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) இருக்கும். சாவியைப் போட்டதும் அது "கிளிக்" என்று சொல்ல வேண்டும். பம்பைக் கழற்றி மாட்டியவர் அந்த ஒயரை மறந்திருக்கலாம், அல்லது முனை துருப்பிடித்திருக்கலாம். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். சோலனாய்டு சரி என்றால் நாசில் பக்கத்துக் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, மேலே துணி போட்டு, 10 விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். நுரையாக வந்தால் ஏர் இருக்கிறது. சுத்தமான டீசல் சொட்டும்வரை விட்டுவிட்டு நட்டுகளை இறுக்குங்கள். நடுநடுவே செல்ஃப் மோட்டார் ஆறட்டும், இல்லையென்றால் அதற்கும் ஒரு பில் வரும்.

ஏர் எடுத்ததும் ஸ்டார்ட் ஆகி, மறுநாள் காலை மறுபடி அதே கதை என்றால், எங்கேயோ ஏர் இழுக்கிறது. இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. டாங்க்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாயில் உறிஞ்சும் அழுத்தம்தான், தள்ளும் அழுத்தம் இல்லை. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். ஃபில்டர் மாற்றிய பிறகு என் காரில் இது வந்தபோது பம்பையே சந்தேகப்பட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தேன். கடைசியில் பார்த்தால் ஃபில்டர் ஓஸின் கிளிப் பாதிதான் கவ்வியிருந்தது. பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டியிருந்தால் முதல் நாளே குமிழி தெரிந்திருக்கும். சோதனை முடிந்ததும் அதைக் கழற்றி டீசலுக்கான ஓஸையே போடுங்கள்.

விஇ பம்ப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். டீசல் உள்ளே வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் பம்பில் பிடித்திருப்பவை உள்ளே துளையிட்ட போல்ட்டுகள். வெளியில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் திரும்பும் பக்கத்துப் போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், அதன் துளை ஊசி அளவுதான். பம்புக்குள் அழுத்தம் நிற்பதே அந்தச் சின்னத் துளையால்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் வரும் டீசலும் நெரிபடும், உள் அழுத்தமும் நிற்காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் ஆனாலும் இழுக்காது. பம்பைப் பிரித்து, சீல் மாற்றி, நாசிலையும் மாற்றிய பிறகு இது கண்டுபிடிக்கப்பட்ட கதைகள் நிறைய.

சரி, வெள்ளைப் புகை வருகிறது. அப்படியென்றால் சூடு போதவில்லை, அல்லது நேரம் தவறு. ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது. பிளக்கெல்லாம் நன்றாக இருந்து பட்டைக்குக் கரண்டே வரவில்லையென்றால் ரிலேயையும் ஃபியூஸையும் பாருங்கள். பிளக், கரண்ட் எல்லாம் சரி, கம்ப்ரெஷனும் உண்டு, புகை மட்டும் மேகமாக வருகிறது என்றால் பம்ப் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். பம்ப் சக்கரத்தை அரைச் சுற்று தள்ளிப் பொருத்தியிருந்தால் பிஸ்டன் புகையை வெளியே தள்ளும் நேரத்தில் டீசல் விழும், அது எரியவே எரியாது.

ஈதர் உள்ள ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கலாமே என்று யாராவது வருவார்கள். ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஈதர் அடித்தால் நேரம் கெட்ட நேரத்தில் வெடிக்கும், பிஸ்டனோ ராடோ உடையும். வேண்டாம்.

ஓடுகிறது, ஆனால் நடுங்குகிறது, தட்டுகிறது

நாசில் கழற்றி மாட்டிய வேலை என்றால் பாதிச் சந்தேகம் அடி வாஷர் மீது வைக்கலாம். பழைய டீசல்களில் நாசிலுக்கு அடியில் வெப்பத் தடுப்பு வாஷர் ஒன்று உண்டு. அது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், கழற்றினால் புதிது போட வேண்டும். சிலவற்றுக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிது போட்டவர்களும் உண்டு. அப்போது "சஃப் சஃப்" என்று மூச்சு விடும் சத்தம் கேட்கும், நாசில் அடியைச் சுற்றித் தார் போலக் கருப்பு படியும். சோப்பு நீரை ஊற்றினால் குமிழி வரும்.

தட்டும் சத்தம் எரிவதால் வருகிறதா, இரும்பிலிருந்து வருகிறதா என்று பிரிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, கையுறை போட்டு, துணியைச் சுற்றி, ஒரு நேரத்தில் ஒரு நாசிலின் குழாய் நட்டை மட்டும் தளர்த்துங்கள். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். தட்டல் முற்றிலும் மறைந்தால் அந்த நாசில் சரியில்லை: தெளிக்காமல் ஒழுக்குகிறது. தட்டல் குறைந்தாலும் மறையவில்லையென்றால் அந்த ராடின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். ஒரு நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லை, எஞ்சின் நடுக்கமும் கூடவில்லை என்றால், அந்தச் சிலிண்டர் முதலிலிருந்தே வேலை செய்யவில்லை.

நான்கு சிலிண்டரும் ஒன்றுபோலக் கடுமையாகத் தட்டினால் பம்ப் டைமிங் முந்தியிருக்கிறது. பிந்தியிருந்தால் சத்தம் மென்மையாகும், வெள்ளைப் புகை வரும், இழுவை போய்விடும். மென்மையாக ஓடுகிறதே என்று சந்தோஷப்பட்டு ஏமாறுபவர்கள் உண்டு. காதால் டைமிங் வைக்கும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களை மதிக்கிறேன், ஆனாலும் விஇ பம்பில் டயல் கேஜ் வைத்துப் பிளஞ்சர் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து, அந்த எஞ்சினுக்கான கையேட்டு எண்ணோடு ஒப்பிடுவதைத்தான் கேட்பேன்.

கம்ப்ரெஷன் பார்ப்பது என்றால் பெட்ரோல் எஞ்சினுக்கான கேஜ் உதவாது, 40 பாருக்கு மேல் காட்டும் கேஜ் வேண்டும். நல்ல அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பழைய மெர்சிடிஸ் டீசல் சிலவற்றில் 22, 24 பார் இருந்தாலே ஆரோக்கியம், ஃபோக்ஸ்வாகன் 1.6 டீசலில் 28-க்குக் கீழே போனால் தேய்மானம். ஒரு எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைவென்றால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. எல்லாமே சீராகக் குறைவென்றால் கேம் டைமிங். டேப்பட் செட்டிங் (வால்வுக்கான இடைவெளியைச் சரிசெய்வது) செய்து வந்த வண்டியில் குளிரில் ஓரளவு ஸ்டார்ட் ஆகி, சூடானதும் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் இடைவெளியை மிகவும் இறுக்கிவிட்டார்கள். சூட்டில் நீளும் வால்வு மூட இடமில்லாமல் நிற்கிறது.

சூடு ஏறுகிறது

கூலண்ட் மாற்றிய பிறகோ ஹெட் வேலைக்குப் பிறகோ சூடு ஏறினால் முதலில் ஏர் லாக்கைப் பாருங்கள். முள் சிவப்பில், உள்ளே ஹீட்டரில் குளிர்ந்த காற்று என்றால் பெரும்பாலும் அதுதான். இன்னொரு வேடிக்கை, சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் நின்றால் முள் ஏறாது. எஞ்சின் வேகும், முள் சாதுவாக இருக்கும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் விடும் திருகு இருந்தால் அதைத் திறந்து, காரின் முன்பக்கத்தை உயர்த்தி நிரப்புங்கள். மேல் ஓஸ் கொதிக்க, ரேடியேட்டரின் அடி சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட். அதையும் தலைகீழாகப் போட முடியும், போட்டிருக்கிறார்கள்.

கேஸ்கெட்டைச் சந்தேகிக்கும் முறை இது. இரவு முழுக்க ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஓஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஓஸ் கல் போலாகிவிட்டால் சிலிண்டரின் காற்று கூலண்டுக்குள் வருகிறது. கூலண்ட் டாங்கில் நிற்காமல் வரும் குமிழியும் அதையே சொல்லும். நிறம் மாறும் திரவத்தை வைத்துப் புகை வாயுவைச் சோதிக்கும் குப்பியும் உண்டு, ஆனால் டீசல் எஞ்சின் ஐடிலில் நிறையக் காற்றை எரிக்காமலே தள்ளுவதால் அதில் கார்பன் டை ஆக்சைடு குறைவு. நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்துக் கேஸ்கெட் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள்.

புதிதாகப் போட்ட கேஸ்கெட் ஏன் இரண்டே வாரத்தில் போகிறது? இங்கேதான் அவசர வேலையின் தடயங்கள் வரிசையாக நிற்கும். பிஸ்டன் உச்சியில் பிளாக்கின் மேல் சற்றுத் துருத்தி நிற்கும். அந்தத் துருத்தலை அளந்து அதற்கேற்ற தடிமனில் கேஸ்கெட் போட வேண்டும். தடிமனைக் காட்ட கேஸ்கெட் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டுகளோ துளைகளோ இருக்கும். அளக்காமல் கையில் கிடைத்ததைப் போட்டால், மெல்லியதில் பிஸ்டன் ஹெட்டில் மோதும், தடித்ததில் கம்ப்ரெஷன் குறையும். ஹெட் போல்ட்டுகள் பலவற்றில் இழுபட்டு நீளும் வகை, ஒருமுறைதான் போடலாம். ஃபோக்ஸ்வாகனின் பழைய நான்கு சிலிண்டர் டீசலில் 40, பிறகு 60 நியூட்டன் மீட்டர், அப்புறம் அரைச் சுற்று என்று படிப்படியாக இறுக்க வேண்டும். "கை அளவு எனக்குத் தெரியும்" என்பதெல்லாம் இதில் செல்லாது.

அதிகம் பேசப்படாத ஒன்று, போல்ட் துளைக்குள் தேங்கிய தண்ணீர். ஹெட்டைத் தூக்கும்போது கூலண்டும் ஆயிலும் அந்தத் துளைகளுக்குள் வழியும். துடைத்து எடுக்காமல் போல்ட்டைத் திருகினால் அடியில் உள்ள திரவம் போல்ட்டைத் தாங்கும். டார்க் ரெஞ்ச் "டக்" என்று சொல்லிவிடும், ஆனால் ஹெட் இறுகியிருக்காது. சில நேரம் பிளாக்கே விரியும்.

ஆயில் விளக்கு, ஆயில் மட்டம்

விளக்கு எரிந்தால் எஞ்சினை நிறுத்துங்கள், அடுத்த வளைவு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். ஆயில் ஃபில்டர் மாற்றிய அன்றே என்றால் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க, புதிய ஃபில்டர் அதன் மேல் உட்கார்ந்து ஆயிலைக் கொட்டியிருக்கலாம். சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றிய வேலை என்றால் உறிஞ்சு குழாயின் ஓ-ரிங், அப்புறம் தாராளமாகப் பூசிய சிலிக்கான். வெளியே பிதுங்கியதைப் போலவே உள்ளேயும் பிதுங்கும், அது உரிந்து போய் ஸ்ட்ரெய்னரை (உறிஞ்சு குழாயின் வாயிலுள்ள வலை) அடைக்கும். விளக்கை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டி, சூடான எஞ்சினில் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் பாருங்கள். 2 பாராவது இருக்க வேண்டும்.

மட்டம் ஏறுவது இறங்குவதைவிட மோசம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மெலிந்து டீசல் வாடை அடித்தால் நாசிலோ பம்ப் சீலோ கசிந்து டீசல் சம்புக்கு வருகிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்மை, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் குளிர்காலத்தில் வரும், அதை வைத்து ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

சாவியை எடுத்தும் நிற்கவில்லை

இரண்டு வகை. சாதுவாக ஐடிலில் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்டாப் பொறிமுறை வேலை செய்யவில்லை. பழைய மெர்சிடிஸ்களில் வேக்யூம் மூலம் நிறுத்துவார்கள், ஓஸ் ஒன்று கழன்றிருந்தால் போதும். எஞ்சின் மேல் இருக்கும் ஸ்டாப் லீவரை அழுத்தினால் நின்றுவிடும்.

மற்றது பயங்கரம். எஞ்சின் தானாக ரேஸ் ஆகிக்கொண்டே போகும், பின்னால் புகை மூட்டம். டர்போ சீல் போயிருக்கும், அல்லது ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் ஆயிலையே எரிக்கிறது, டீசலை நிறுத்தி என்ன பயன்? மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, மேல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் மூட வேண்டும், கையால் கூடாது. ஏற்கெனவே உச்ச வேகத்தில் அலறுகிறது என்றால் அருகில் போகாமல் விலகி நில்லுங்கள்.

கருப்புப் புகை, இழுவை இல்லை

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஓஸ் கழன்றிருக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் துணி மறந்து கிடக்கும். உண்மையாகவே கிடக்கும்.

பிரித்த பிறகு: யார் செய்தது?

எஞ்சினைப் பிரிக்க வேண்டிய நிலை வந்தால், முந்தைய பட்டறை இல்லாத வேறொருவர் முன்னால், படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள். கழன்ற எதையும் துடைக்காதீர்கள், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பெல்ட் நிறையப் பேசும். ஒரே இடத்தில் வரிசையாகப் பற்கள் உரிந்திருந்தால் ஏதோ ஒரு சக்கரம் இறுகி நின்றிருக்கிறது. மாற்றாமல் விட்ட வாட்டர் பம்பைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கத்தியால் வெட்டியது போல நேராக அறுந்திருந்தால் மாட்டும் முன் யாரோ அதை மடக்கியிருக்கிறார்கள். ஆயிலில் ஊறியிருந்தால் சீல் கசிவைக் கண்டும் மூடிவிட்டார்கள்.

பேரிங்கிலும் இதே போலப் படிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவு செம்பு நிறம் தெரிந்து, மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் வயது. ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து உருகியிருந்தால் அங்கே ஆயில் போகவில்லை. சமீபத்தில் ஹெட் கேஸ்கெட் மாற்றிய எஞ்சினில் எல்லாப் பேரிங்கும் புதிதாகக் கீறல் விழுந்து, உலோகத்துக்குள் சின்னச் சின்னத் துகள் பதிந்திருந்தால், பிளாக்கின் மேற்பரப்பைச் சுழலும் சாணைத் தட்டால் தேய்த்திருப்பார்கள். அந்தத் தட்டின் துகள் அலுமினியம் ஆக்சைடு, ஃபில்டருக்குச் சிக்குவதற்குள் பேரிங்கைத் தின்றுவிடும். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளுக்குள் விரலால் தடவிப் பாருங்கள். மணல் போல நெருடும்.